பக்கத்து நாற்காலி

சோதிக்க வந்திருந்த ஆசிரியை, நண்டு என்று வீட்டில் செல்லமாகக் கூப்பிடும் சிறுமியின் பக்கத்தில் கிடந்த நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் போட்டார்.

"நீங்க உள்ள இருங்கம்மா. முடிஞ்சதும் கூப்பிடுறேன்."

வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு முறை வந்து பார்ப்பது அவர் வேலை. அவர் சரி என்றால் நண்டு தொடர்ந்து வீட்டில் படிக்கலாம். இல்லையென்றால் பழைய பள்ளிக்கே போக வேண்டும்.

நண்டுவின் அம்மா சமையலறைக்குப் போனாள். பயம் ஒன்றும் இல்லை. மகள் தன் வயதுக்கான கணக்குப் புத்தகத்தை முடித்து அடுத்ததில் பாதி தாண்டியிருந்தாள். ஆசிரியை பாராட்டினால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். நான் சும்மா பக்கத்துல உக்காந்திருப்பேன், அவ்வளவுதாங்க. எல்லாம் அவளே போடுறதுதான்.

"நாப்பத்திரண்டுல எத்தனை ஆறு இருக்கும்மா?"

பென்சில் மேசையில் தட்டும் சத்தம். பிறகு நண்டுவின் குரல். "அம்மா வர மாட்டாங்களா?"

"உள்ளதான் இருக்காங்க. நீ சொல்லு."

"அஞ்சு…"

ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை.

"ஆறு…"

ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும் குரல் நின்று எதற்கோ காத்திருந்தது.

"ஏழு…"

சமையலறையில் அவளிடமிருந்து மூச்சு வெளியே வந்தது. இறுகியிருந்த தாடை தானாகத் தளர்ந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் அதைப் பார்க்க யாரும் இல்லை.

"எட்டு…" என்றது குரல். "ஒம்பது…"

அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

கிளம்பும்போது ஆசிரியை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார். "கெட்டிக்காரப் பொண்ணு. என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தா. நான் அசையல. பாவம், தவிச்சுப் போயிட்டா." கொஞ்சம் தயங்கினார். "ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு தடவ வரேன். அப்பவும் இப்படின்னா, நான் உள்ளத எழுதித்தான் ஆகணும்."

பள்ளியிலிருந்து மகளை நிறுத்திய அன்று, அங்கிருந்த கணக்கு டீச்சரிடம் அவள் சத்தம் போட்டிருந்தாள். உங்க மூஞ்சியப் பாத்தாலே எம்பொண்ணு நடுங்குறா. அந்த வாக்கியத்தை அக்காவிடம், தோழிகளிடம், பக்கத்து வீட்டில் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது அதற்கேற்ற முகத்தையும் செய்து காட்டுவாள்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கணவன் கைகளில் கிரீஸ் வாசனையோடு வந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "சீட்டாட்டத்துல உக்கார வச்சா ஊர் சொத்தையே ஜெயிச்சுட்டு வருவா போல."

அவள் சிரிக்கவில்லை.

"இதுல என்ன அதிசயம்? நீ கோவப்படுறதுக்கு முன்னாடி மூக்கு நுனி சிவக்கும். நானே அதப் பாத்துதான வாயத் திறக்குறேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்ப? சிவந்திருக்கும்போதா?"

மறுநாள் காலையில் கணக்கு வேண்டாம் என்றாள். நண்டு நம்பாமல் பார்த்தாள். இருவரும் துவைத்த துணிகளை மடித்தார்கள். ஒரு துண்டின் முனையோடு முனை சேர்த்துக்கொண்டே, முடிந்தவரை சாதாரணமாகக் கேட்டாள்.

"நான் சரின்னு சொல்றதுக்கு முன்னாடியே உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ மூச்சு விடுவ."

"தப்புன்னா?"

"சிரிப்ப."

"சிரிப்பேனா?"

"ம். டீச்சர் மாதிரி திட்ட மாட்ட. சிரிப்ப." நண்டு துண்டை இன்னும் சிறியதாக மடித்தாள். "டீச்சர் திட்டினா முடிஞ்சிடும்."

அவள் அந்தச் சிரிப்பைத் தன் பொறுமை என்று நினைத்திருந்தாள்.

சாப்பிட்ட பிறகு கணக்கு என்று வைத்துக்கொண்டார்கள். புத்தகத்துக்குப் பதில் ஒரு டப்பா நிறையப் பழைய பொத்தான்கள். இரண்டு நாற்காலிகளையும் முதுகோடு முதுகு ஒட்டிப் போட்டாள். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பின்னால் மேசையில் பொத்தான்கள் நகரும் சத்தம். கலைந்தன. மறுபடி நகர்ந்தன. என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்குள் கழுத்து வலித்தது.

"அம்மா, எட்டா?"

"எண்ணிப் பாரு."

"அப்ப தப்பு."

குரலும்கூடக் காட்டிக்கொடுத்துவிட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இனி எதுவும் பேசுவதில்லை என்று முடிவு செய்தாள்.

பொத்தான் சத்தம் நின்றுவிட்டது. நாற்காலி லேசாக அசைந்தது. அவள் தோளுக்கு மேலாக ஒரு சின்னக் கை வந்தது. அது கன்னத்தைத் தடவி, மெல்ல இறங்கி, வாயின் ஓரத்தைத் தேடிப் பிடித்து அங்கேயே நின்றது.

அவள் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். உதட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.