கிரகப்பிரவேசத்துக்குப் போன மாடு

கிரகப்பிரவேசத்துக்கு மாடு கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது என் வீட்டுக்காரர் சுகுமாரனின் கொள்கை. அவருடைய அப்பா சொல்லிக் கொடுத்ததாம். என் மாமனார் காலத்தில் கேட்டு வந்தவர்கள் பலகை வீட்டுக்காரர்கள். மாடு உள்ளே போய்விட்டு வந்தால் தரையில் நாலு கீறல் விழும், அவ்வளவுதான். இந்த முறை கேட்டு வந்தது, எங்கள் புல்வெளியைத் தின்றுவிட்டு எழும்பிய தாமான் குடியிருப்பிலிருந்து. கொள்கையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டால் என்ன என்று கேட்டேன். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். பெண்டாட்டி சொல் மாட்டுக்கொட்டகை கூட ஏறாது.

முதலில் எங்கள் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பினாங்கில், தெலுக் கும்பார் போகிற சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் முன்பெல்லாம் ஒரே புல்வெளி. ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் நிலம். அங்கே கொட்டகை போட்டுக்கொள்ள என் மாமனாருக்கு வாய்வார்த்தையாகச் சம்மதம் கொடுத்தவர் அவர். அவர் கண்ணை மூடியதும் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். அவர்கள் சொத்து, அவர்கள் விற்றார்கள், அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வாங்கியவர்கள் மண்ணைக் கொட்டி மேடாக்கி, வரிசை வரிசையாக வீடு கட்டி, தாமான் என்று பெயர்ப்பலகை நட்டு, வாசலில் காவலும் போட்டார்கள். பெரிய கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் மட்டும் மிச்சம் இருந்தது. அதில் பிறகு கட்டுவார்களாம். அதுவரை நீங்கள் மாட்டோடு இருந்துகொள்ளுங்கள் என்று தாமான் மேனேஜர் ஹஸ்ருல் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. தாமானுக்குள் மாட்டின் கால் படக் கூடாது. பட்டு, யாராவது புகார் கொடுத்தால் கொட்டகையைப் பிரித்துவிட வேண்டும்.

பிறகு என்றால் ஒரு வருஷமும் ஆகலாம், பத்து வருஷமும் ஆகலாம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் காலம் தள்ளினோம். வேறு இடம் தேடாமல் இல்லை. தீவு முழுக்க அலைந்தாகிவிட்டது. புல் இருக்கும் இடத்திலெல்லாம் விளம்பரப் பலகை இருக்கிறது. எங்கள் மகள் ஷர்மினி தன் ஃபிளாட்டுக்கு வந்துவிடும்படி அழைக்கிறாள். நாங்கள் லிஃப்டில் ஏறிப் போய்விடுவோம், மாடு எதில் ஏறும்?

கடல்காற்று வேறு எங்களுக்கு எதிரி. பகலெல்லாம் அது கடலிலிருந்து கிளம்பி, எங்கள் கொட்டகையில் நுழைந்து, சாண வாசத்தை வாரிக்கொண்டு நேராகத் தாமான்காரர்களின் சமையலறைக்குப் போகும். மாட்டைக் கட்டிப் போடலாம், காற்றை எந்தக் கயிற்றால் கட்டுவது? காலையும் மாலையும் கொட்டகையைக் கழுவினோம். சாம்பிராணி போட்டோம். மாட்டுக்குத் தினமும் சாம்பிராணி போட்ட குடும்பம் பினாங்கிலேயே நாங்கள் மட்டும்தான் இருப்போம். தாமான்காரர்கள் முனகிக்கொண்டாலும் யாரும் புகார் எழுதவில்லை.

மாடு கேட்டு வந்த பெண்ணின் பெயர் அதிரா. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் இன்ஜினியர். தட்டில் வெற்றிலை, பழம், மேலே ஒரு புடவை என்று முறையாக வந்து நின்றாள்.

"அக்கா, புது வீடு. பசுவும் கன்னும் முதல்ல காலெடுத்து வச்சாதான் எனக்கு மனசு நெறயும்லா. மேனேஜ்மெண்ட்ல நான் பேசிட்டேன். ஒரு நாளைக்கு ஓகே சொல்லிட்டாங்க."

"மேனேஜ்மெண்ட்ல பேசிட்ட, சரி. ஒரு நாளைக்குத்தான்னு மாட்டுக்கிட்ட யாரும்மா பேசுறது?" என்றேன்.

அவள் சிரித்தாள். என் வீட்டுக்காரர் என்னை முறைத்துவிட்டு, "அதெல்லாம் பவளம் சொன்னா கேக்கும்மா. நான் கொண்டாறேன்" என்றார்.

பவளம் எங்கள் பன்னிரண்டு மாடுகளில் மூத்தவள். செம்மண் நிறம். அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாளோ மற்றவையும் அந்தப் பக்கம் திரும்பும். அப்போது அவளுக்குப் பெண் கன்று ஒன்றும் இருந்தது. அதனால் சுப காரியத்துக்கு அவளைவிட்டால் ஆளில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தாமானின் முன்பக்கம்தான் காவல். கடல் பக்கம் வேலியே கிடையாது, கால்வாய்தான் வேலி. அதன் மேல் லாரி போவதற்காகப் பெரிய இரும்புத் தகடு ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்கள். கால் வைத்தால் தடால் என்று அதிரும். எங்கள் மாடுகளுக்கு அந்தச் சத்தம் எமன். கிட்டப் போனாலே காதை விறைத்துக்கொண்டு திரும்பிவிடும். அந்தப் பயம்தான் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? அந்த மாட்டுக்குப் பயம் தெளிய வைத்தார். தகட்டின் மேல் சாக்கு விரித்து, அதன் மேல் புல்லைப் போட்டு, கழுத்தைத் தடவிக் கொடுத்து, கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் ஒரு வாரம் தினமும் பவளத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடத்திப் பழக்கினார். நல்ல நேரத்தில் மாடு மிரண்டு திரும்பினால் அபசகுனம் ஆகிவிடுமாம். கடைசி நாள் சாக்கையும் எடுத்துவிட்டார். அவள் தடதடவென்று நடந்து போனாள். பரீட்சையில் பிள்ளை தேறியதைப் போல அவருக்குப் பெருமை தாங்கவில்லை. வேலிக்குக் கதவு வைத்துச் சாவியையும் மாட்டின் கையில் கொடுக்கிறீர்களே என்று அப்போதே கேட்டேன். ஆனால் நல்ல காரியத்துக்கு முன்னால் வாயை வைக்காதே என்று அடக்கிவிட்டார்.

கிரகப்பிரவேசம் சிறப்பாகத்தான் நடந்தது. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மஞ்சளும் குங்குமமும் பூசி, சாமந்தி மாலை போட்டு, விடியலில் பவளத்தையும் கன்றையும் கூட்டிப் போனோம். டைல்ஸில் வழுக்காமல் இருக்க ஹாலில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். பவளம் வலது காலை வைத்து ராஜாத்தி போல நுழைந்தாள். நட்டநடு ஹாலில் நின்று கோமியம் விட்டாள். அய்யர் செம்பை நீட்டிப் பிடித்தார், வந்திருந்தவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். அதிரா கண்ணீரோடு விழுந்து கும்பிட்டாள். பிறகு வாழைப்பழம், அகத்திக்கீரை, நெய் விட்ட சர்க்கரைப் பொங்கல் என்று தன் கையால் ஊட்டினாள். பவளம் அப்படி ஒரு சாப்பாட்டைத் தன் பிறப்பில் கண்டதில்லை. எங்கள் வீட்டில் எனக்கே நெய் கணக்குப் பார்த்துத்தான் கிடைக்கும்.

ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவுமாம். ரெண்டு நாள் கழித்துப் பவளத்தையும் கன்றையும் காணோம். நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தால் அதிரா வீட்டு வாசலில் நின்று பவளம் பழம் தின்றுகொண்டிருக்கிறாள். அதிரா கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"பாத்தீங்களாக்கா! வெள்ளிக்கிழமையும் அதுவுமா மகாலட்சுமி வீடு தேடி வந்திருக்கா!"

"அம்மா, தாயி, கும்பிட்டுக் கேக்குறேன். பழம் குடுக்காத. வேற யாராச்சும் பாத்தா எங்க பொழப்பு போயிரும்" என்றேன்.

அவளுக்குப் புரிந்தது. ஆனால் வாசலில் வந்து நிற்கும் பசுவை வெறும் வாயோடு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. எனக்கும் வராது, அதனால் திட்டவும் முடியவில்லை. இன்னொரு நாள் கொடுத்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். நிறுத்தியதும் பவளம் அந்த வாசலில் நின்று தெருவே கேட்க அடித்தொண்டையில் கத்த ஆரம்பித்தாள். அதிரா சன்னல் திரையை இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதாளாம்.

"பழத்துக்காகப் போகல துளசி. அந்த வீடு இருக்கிற எடத்துலதான் அவ கன்னுக்குட்டியா மேஞ்சா. எடம் ஞாபகம் இருக்கு அவளுக்கு" என்றார் இவர்.

"ஆமா, அந்த எடத்துல நெய்ப் பொங்கல் மொளைச்சுக் கெடந்துச்சு பாருங்க!" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, அன்று இரவு அவர் சொன்னதுதான் சரியோ என்று எனக்கும் ஒரு சந்தேகம் வந்தது.

கட்டிப் போட்டோம். கயிற்றை அறுத்தாள். இரட்டைக் கயிறு போட்டோம். கழுத்து புண்ணானது, பால் பாதியாகக் குறைந்தது. தகட்டின் மேல் முள்ளை வெட்டிப் போட்டோம். லாரிக்காரர்கள் திட்டிவிட்டு அள்ளிக் கால்வாயில் எறிந்தார்கள். ஹஸ்ருலிடம் போய் இந்தப் பக்கம் ஒரு வேலி போட்டுக் கொடுங்கள், கம்பி நாங்கள் வாங்கித் தருகிறோம் என்று கெஞ்சினோம். அடுத்த கட்டடம் எழும்பும்போதுதான் வேலி என்று பிளானில் இருக்கிறதாம். அதற்குள் மற்ற மாடுகளும் பவளம் நடப்பதைப் பார்த்து, தகடு கடிக்காது என்று கற்றுக்கொண்டுவிட்டன. அவற்றுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க யாரும் சாக்கு விரிக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் நடந்தது சின்ன விஷயம்தான். சாப்பாடு கொண்டு வந்த மோட்டார் சைக்கிள்காரப் பையன் முனையில் திரும்பும்போது நடுரோட்டில் எங்கள் மாடுகள் நின்றன. பிரேக் பிடித்து விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். நானே மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன். பரவாயில்லை ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஆனால் முனை வீட்டுக்காரர் புகார் எழுதிவிட்டார். அவருக்கும் அந்தத் தெருவில் விளையாடும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஹஸ்ருல் நேரில் வந்தார். கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, மலாயில் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். தன் தாத்தாவும் கெடாவில் மாடு வைத்திருந்தவர் என்றார். மாத முடிவுக்குள் காலி செய்துவிடுங்கள் அங்கிள், என் கையில் ஒன்றும் இல்லை என்றார். நான் சண்டைக்காரி என்று பெயரெடுத்தவள். அன்று வரிந்துகட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். எல்லோரும் நல்லவர்களாக இருந்தால் யாரோடு போய்ச் சண்டை போடுவது?

அதிரா விடவில்லை. தாமான்காரர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினாளாம். மறுநாள் வந்து சொன்னாள்.

"மாட்டைக் கூப்பிட்டது நான், பழக்கினது நான், தப்பு என்னுதுன்னு சொன்னேன்க்கா. எல்லாரும் கேட்டாங்க. நல்லா கேட்டாங்க. தேங்க்யூன்னு சொன்னாங்க. அப்புறம் கார் பார்க்கிங் பிரச்சினைக்குப் போயிட்டாங்க."

கடலுக்கு அக்கரையில், செபராங் பக்கம் பண்ணை வைத்திருக்கும் தயாளன் மாடுகளை மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். இவருக்குப் பழைய சிநேகிதர், பொய் பேசாதவர். விலை பேசி முடித்தபின், இவர் கை கழுவப் போயிருந்த நேரத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணி, கறக்குற வரைக்கும் தங்கமா பாத்துக்குவேன். வத்திப் போனதை வச்சுத் தீனி போட எனக்கு வழியில்ல. அப்ப அடிமாட்டுக்குக் குடுத்துருவேன். அண்ணன்கிட்ட இத சொல்ல எனக்கு வாய் வரல. நீங்களாச்சும் தெரிஞ்சு வச்சுக்குங்க."

பவளத்துக்கு வயசாகிவிட்டது. இன்னும் ஒரு ஈற்று, மிஞ்சினால் இரண்டு. எனக்குக் கணக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? இவரிடம் சொல்லாமல் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

லாரி வந்த அன்று மற்ற மாடுகள் எல்லாம் ஏறிவிட்டன. கன்றும் ஏறிவிட்டது. பவளம் மட்டும் கயிற்றை உருவிக்கொண்டு தகட்டைத் தாண்டி ஓடிவிட்டாள். எங்கே போயிருப்பாள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நாங்கள் போனபோது அதிராவின் கேட்டில் தலையை வைத்துக்கொண்டு நின்றாள். தயாளன் ஆட்கள் இழுத்துப் பார்த்தார்கள். முன்னங்காலை ஊன்றிக்கொண்டு அசைய மறுத்தாள்.

"இதுக்கு மேல இழுத்தா கால் ஒடிஞ்சிரும்ணே" என்றார் தயாளன்.

இவர் அதிராவைப் பார்த்தார். வாய் திறந்து கேட்கவில்லை. அவள் உள்ளே போய் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வெளியே வந்தாள். ஒன்றை உரித்து நீட்டியபடி முன்னால் நடந்தாள். பவளம் அவள் பின்னாலேயே வந்தாள். தெருவைக் கடந்து, தகட்டைக் கடந்து, லாரியின் சாய்ப்பலகையில் அதிரா ஏற, அவளும் ஏறினாள். உள்ளே கன்று அவளை முட்டியது. அதிரா மீதிப் பழத்தையும் கொடுத்துவிட்டு இறங்கினாள். பின்கதவைச் சாத்தினார்கள்.

லாரி திரும்பும்வரை தாங்கிக்கொண்டு நின்ற அதிரா அப்புறம் என் தோளில் விழுந்து விம்மினாள். மாட்டைப் பறிகொடுத்தவள் நான், தேற்றிக்கொண்டிருந்தவளும் நானே. அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை வைக்க அவளிடத்தில் ஒரு குற்றமும் இல்லையே என்று அதைவிட அதிகமாக வந்தது.

"அங்க நல்லா பாத்துப்பாங்கல்லக்கா? கடைசி வரைக்கும் வச்சிருப்பாங்கல்ல?" என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரர் வெறும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியில் அவர் கை நின்றுவிட்டது. தலையைத் தூக்கி என் வாயையே பார்த்தார். அவர் அப்படி என் பதிலுக்காகக் காத்து நின்றதை நான் பார்த்ததேயில்லை.

"கடைசி வரைக்கும் பாத்துப்பாங்கம்மா. தயாளன் எங்கிட்டயே சொன்னாரு" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு மறுபடியும் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.