முதல் கொத்துச் சத்தம்

வைகாசி பிறந்து இரண்டு நல்ல மழை பெய்துவிட்டது. அப்படியும் மலைமேல் திருப்புலி நாட்டில் அந்த ஊர்க் காடுகளில் ஒரு பிடி சாமை விழவில்லை. விதைக்க வேண்டிய குழந்தைசாமியோ தன் மேட்டுக் காட்டில் நின்று, இன்னும் வாங்காத கூடாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூடுபனி இறங்கினால்தான் அவனுக்கு அவை தெரியும். பனி மிளகுத் தோட்டத்துக்குள் புகுந்து மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கும். அப்புறம் அந்த வெள்ளைக்குள் ஆரஞ்சு நிறத்தில் பன்னிரண்டு கூடாரங்கள் மெதுவாக முளைக்கும். ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு சின்ன விளக்கு எரியும். கம்பளி போர்த்திய யாரோ ஒருவர் டீயை ஊதிக் குடித்துக்கொண்டு, இப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று அவனைப் பார்த்துச் சிரிப்பார். அவனும் சிரிப்பான். வெயில் ஏறியதும் கூடாரமும் இல்லை, கம்பளிக்காரரும் இல்லை. முப்பத்திரண்டு சில்வர் மரங்களும், அவற்றைக் கட்டிப்பிடித்து ஏறிய மிளகுக் கொடிகளும் ஈரம் சொட்டிக்கொண்டு நிற்கும்.

கல்யாணமான வருஷம் அவனும் கலைச்செல்வியும் சேர்ந்து நட்ட மரங்கள் அவை. வருகிற புதன்கிழமை கூடாரங்களுக்கு இடம்விட்டு அவை போய்விடும். பேளுக்குறிச்சி சசிகுமார் மரம் அறுக்கிற மெஷினோடும் லாரியோடும் வருவதாகச் சொல்லியிருந்தான். அன்று திங்கட்கிழமை.

“ஏனுங்க, வெதக்கூடை பத்து நாளா சாமி மாடத்துல உக்காந்திருக்குது. மண்ணுல ஈரம் போயிருமுங்க” என்றாள் கலைச்செல்வி.

“யாரு வெதச்சிருக்கா, சொல்லு பாக்கலாம்? ஊரே சாமைய விட்டுருச்சு. நாம மட்டும் கொத்தத் தூக்கிட்டுப் போனா சிரிப்பாங்க.”

“ஊரு விடலீங்க, ஊரு…” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். கலைச்செல்வி பேச்சைப் பாதியில் நிறுத்தினால் மீதிப் பாதி அடுப்பங்கரையில் பாத்திரமாக விழும். அன்றும் விழுந்தது. கேட்கிற காது குழந்தைசாமிக்கு இல்லை.

அவனுடைய வீட்டுக்கு நாள்விதை வீடு என்று பேர். சாமையில் முதல் பிடி அந்த வீட்டுக் கையால்தான் மண்ணில் விழவேண்டும். எத்தனை தலைமுறையாக என்று யாருக்கும் தெரியாது, கேட்டதும் இல்லை. தண்டோரா கிடையாது, தேதி கிடையாது. அந்த வீட்டுக்காரர் கிழக்கே பார்த்து மூன்று பிடி தூவிவிட்டுக் கொத்தால் மண்ணைக் கிளறி மூடுவார். அந்தச் சத்தம் பள்ளத்தைத் தாண்டி எதிர்ச் சரிவுக்குப் போகும். கேட்டவர் கொத்தை எடுப்பார், அவர் சத்தம் அடுத்த சரிவுக்கு. அவனுடைய அப்பா காய்ச்சலில் கிடந்த வருஷம் ஊர் பதினோரு நாள் கைகட்டி உட்கார்ந்திருந்தது. ஆனால் அதெல்லாம் அப்பாவோடு போயிற்று என்பது குழந்தைசாமியின் எண்ணம். போன வருஷமே பாதிக் காடு தரிசு. இந்தக் காலத்தில் எவன் இன்னொருத்தன் கொத்துச் சத்தத்துக்குக் காத்திருப்பான்?

காத்திருக்க மாட்டார்கள்தான், ஆனால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த ஊர்ச் சங்கதி அப்படி. வாசலூர்பட்டி படகுத் துறைக்குப் பக்கத்தில் ஒருவன் மிளகாய் பஜ்ஜிக் கடை போட்டான். அடுத்த ஆடிக்குள் அங்கே ஏழு பஜ்ஜிக் கடை. கடைசியில் பஜ்ஜிக்காரர்களே ஒருவர் பஜ்ஜியை ஒருவர் வாங்கித் தின்றார்கள். ஒரு வீட்டில் அன்னாசி நட்டால் ஊரெல்லாம் முள்ளு. கலைச்செல்வியின் அண்ணன் அர்த்தனாரி மூன்று வருஷத்துக்கு முன்னால் ரோட்டு மேட்டில் நான்கு கூடாரம் போட்டு ‘மேகம் கேம்ப்’ என்று பலகை மாட்டினார். வருஷம் திரும்புவதற்குள் ‘புது மேகம் கேம்ப்’ வந்தது. அதற்கு எதிரே ‘ஒரிஜினல் மேகம் கேம்ப்’ வந்தது. மேகத்துக்கு மட்டும் எதில் தங்குவதென்று இன்றுவரை தெரியவில்லை.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்தவன்தான் குழந்தைசாமியும். ஆனால் சனிக்கிழமை சாயங்காலங்களில் மச்சானின் மேட்டில் விளக்குகள் வரிசையாக எரியும்போது, பாட்டும் சிரிப்பும் பனியில் நனைந்து இங்கே மிதந்து வரும்போது, அவன் மனசு என்னவோ போல் ஆகும். பொறாமை என்று சொல்லிவிடலாம். அதைவிட அது பயம். எல்லோரும் ஏறிவிட்ட பஸ்ஸைத் தான் மட்டும் விட்டுவிட்டோமோ என்கிற பயம். அந்த பஸ் எந்த ஊருக்குப் போகிறதென்று கேட்கவும் வெட்கம். நாற்பத்து மூன்று வயதில் அப்படிக் கேட்டால், இதுகூடத் தெரியாமலா இருக்கிறாய் என்பார்களே.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், கூடாரத்துக்குத் தரை எத்தனை உயரம் வேண்டும் என்று கேட்டு வர அவன் அர்த்தனாரியிடம் போனான்.

அர்த்தனாரி முதல் கூடாரத்தின் வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கூடாரத்துக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மற்ற இரண்டும் நனைந்து தொங்கின.

“வாங்க மாப்ள. சனி ஞாயிறு ஆளுக வருவாங்க. மத்த நாள்ல கோழிதான்” என்றார், கேட்காத கேள்விக்குப் பதிலாக.

தரையைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு முடிந்த பிறகு, எழுந்திருக்க மனமில்லாமல் குழந்தைசாமி சும்மா ஒரு வார்த்தை கேட்டான். “மச்சான், இந்த யோசனை மொதல்ல உங்களுக்கு எப்படிங்க வந்துச்சு? யாரு சொல்லிக் குடுத்தது?”

அர்த்தனாரி கத்தியை நிறுத்தினார். “கேலி பண்றீங்களா மாப்ள? உங்களப் பாத்துத்தான்.”

“என்னையவா?”

“மூணு வருசத்துக்கு முன்னால, தை மாசம். மெளகு காய வெக்கிற நீலத் தார்ப்பாய, மேட்டுக் காட்டுல நாலு கழி நட்டுக் கட்டுனீங்களே. இந்தப் பக்கம் நடந்தீங்க, அந்தப் பக்கம் நடந்தீங்க, அடி அளந்தீங்க. அப்பறம் உள்ள போயி ஒரு மத்தியானம் பூராவும் படுத்துப் பாத்தீங்க. ரோட்டுல இருந்து பாத்துக்கிட்டே நின்னேன். என்ன பண்றீங்கன்னு கேட்டேன். ‘ஒரு யோசனை இருக்குது மச்சான்’னு சொன்னீங்க.”

குழந்தைசாமிக்குக் காது சூடாகியது.

“நாள்விதை ஊட்டுக்காரரு சும்மா யோசிப்பாரா? டூரிஸ்ட்டுக்குக் கூடாரம் போடப் போறாருன்னு புடிச்சுக்கிட்டேன். நீங்க நாள் பாத்துட்டு இருந்தீங்க, நான் முந்திக்கிட்டேன். உங்க தொழில எடுத்துக்கிட்டமேன்னு எனக்கு இன்னமும் மனசு குத்துது.” அர்த்தனாரி கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இப்ப நீங்களே மரத்த எடுத்துட்டுக் கூடாரத்துக்கு வாரீங்கன்னதும்தான் நிம்மதி. தப்பாப் போகல, நீங்க அன்னைக்கு யோசிச்சது சரிதான்னு.”

“ஊருல யாரும் சாமை வெதைக்கலீங்களே மச்சான். எல்லாரும் விட்டுட்டாங்கதான?”

அர்த்தனாரி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “உங்க கொத்துச் சத்தம் கேக்கலியே மாப்ள. நாங்க எப்படி வெதக்கிறது?”

தார்ப்பாய் கட்டியது நிஜம். ஆனால் யோசனை எதுவும் இல்லை. அந்தத் தை மாதம் ஒருநாள் பனி அடர்ந்து, மரத்து இலைகளிலிருந்து துளித் துளியாகக் கீழே விரித்திருந்த தார்ப்பாயில் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போயிற்று. அடியில் படுத்துக் கேட்டால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. கட்டினான், படுத்தான். சொட்டுகளுக்கு நடுவே நேரம் நின்றுவிட்டது. தான் யார், என்ன பயிர் வைக்கிறவன் என்பதெல்லாம்கூட மறந்துபோன ஒரு மத்தியானம் அது. அடி அளந்தானாமே! கயிறு எட்டவில்லை, அதனால் நடந்து பார்த்தான். மச்சான் கேட்டபோது, சொட்டுச் சத்தம் கேட்கிறேன் என்று சொல்ல நாக்கு கூசியது. வளர்ந்த ஆம்பிளை, வேலை நாளில், மல்லாந்து படுத்துச் சொட்டுச் சத்தம் கேட்பதா? ஒரு யோசனை என்று சொல்லி வைத்தான். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று உண்மை வாய் வரை வந்தது. மச்சானின் நனைந்த கூடாரங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

வீடு திரும்பும் வழியெல்லாம் பனி. காலடி தெரிகிறது, அடுத்த அடி தெரியவில்லை. அவனுக்கு ஆரஞ்சுக் கூடாரங்கள் தெரியவில்லை. ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு ஊர் ஆட்கள் மலையைச் சுற்றி நடப்பது தெரிந்தது. அர்த்தனாரி அவன் முதுகைப் பார்த்து நடக்கிறார், அவருக்குப் பின்னால் புது மேகம், ஒரிஜினல் மேகம், பிறகு ஊர் முழுக்க. அவர்கள் எல்லோருக்கும் கடைசியில், அந்தக் கடைசி முதுகைப் பிடித்துக்கொண்டு அவனே நடக்கிறான். களத்தில் போரடிக்கிற மாடுகளும் இப்படித்தான் சுற்றும். முன்னால் போகிற மாட்டுக்கு வழி தெரியும் என்று ஒவ்வொரு மாடும் நினைக்கும்போல. குழந்தைசாமிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. யாரும் பார்க்காத பனிதானே என்று இரண்டையும் வரவிட்டான்.

வழியிலிருந்த காடுகளை அன்றுதான் குனிந்து பார்த்தான். தரிசில்லை. எல்லாம் கிளறி, கல் பொறுக்கி, தயாராக இருந்தன. பாப்பாத்தியக்கா காட்டு ஓரத்தில் கொத்து ஒன்று மரத்தில் சாத்தியிருந்தது. அதன் பிடியில் பனி முத்துக் கோத்திருந்தது.

புதன்கிழமை விடிந்தும் பனி விலகவில்லை. லாரி வருவது கண்ணுக்குத் தெரியாமல் முதலில் சத்தமாக வந்தது. சசிகுமார் மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்தான்.

“ஏனுங்ணா, எழுபது வளைவும் தடவித் தடவி வந்தமுங்க. சீக்கிரம் ஆரம்பிச்சுரலாம். இது முடிஞ்சா இன்னும் ஏழு தோப்பு இருக்குது.”

“ஏழா? யாருது?”

“உங்க ஊருதானுங்ணா. நாளெல்லாம் சொல்லல. ‘குழந்தைசாமி ஊட்டு மரம் விழற சத்தம் கேட்டா நேரா இங்க வந்துரு’ன்னாங்க.”

குழந்தைசாமி ஒரு மரத்தில் கை வைத்தான். பட்டை குளிர்ந்திருந்தது. தன்னுடையதை இழப்பதற்கு அவன் மனசைத் தேற்றி வைத்திருந்தான். ஏழு வீட்டு மரம் தன் கையால் விழுவதற்கு அவனிடம் தேறுதல் இல்லை.

“தம்பி, மெஷின ஓட்டாத. இன்னைக்கு இல்ல, என்னைக்கும் இல்ல. வந்த செரமத்துக்கு ரெண்டு பலாப்பழம் எடுத்துக்க.”

“வழியில கேட்டா என்னன்னுங்க சொல்றது?”

“ஒண்ணும் சொல்லாத. அவங்களுக்கே கேக்கும்.”

லாரிச் சத்தம் வளைவுகளில் இறங்கிக் கரைந்தது. திரும்பினால் கலைச்செல்வி விதைக்கூடையோடு நின்றாள். எப்போது குளித்தாள், எப்போது மாடத்திலிருந்து கூடையை எடுத்தாள் என்று அவனுக்குத் தெரியாது. அவன் கிழக்கு எது என்று யோசித்தான். பனியில் திசையே இல்லை. அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

மூன்று பிடி தூவினான். கொத்தை எடுத்து மண்ணில் போட்டான். ஒரு கொத்து, இரண்டு கொத்து, பத்துக் கொத்து. நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தான். எதிர்ச் சரிவில் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷமும் அவனுக்கு இருந்த பயம் விதை முளைக்குமா என்பதுதான். யாருக்காவது கேட்குமா என்று அவன் பயந்தது அன்றுதான். மறுபடி கொத்தினான்.

வெகுநேரம் கழித்து, பனிக்குள் எங்கோ தூரத்தில், ‘டக்’ என்றது. இன்னொரு ‘டக்’. பாப்பாத்தியக்கா காட்டுப் பக்கம். அப்புறம் அதற்கும் அந்தப் பக்கம் ஒன்று, கீழே பள்ளத்தில் ஒன்று. ஓர் ஆள் முகம்கூடத் தெரியவில்லை. வெள்ளை வெளேரென்ற அந்த ஒன்றுமில்லாததற்குள் ஊர் முழுக்க மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது. ரோட்டு மேட்டிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. மச்சானுடைய கொத்து கொஞ்சம் தாளம் தப்பித்தான் விழும்.

குழந்தைசாமி கொத்தை ஊன்றிக்கொண்டு நின்றான். “கண்ணு, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். அன்னைக்கு நான் தார்ப்பாய் கட்டுனது எந்த யோசனைக்கும் இல்ல.”

“தெரியுமுங்க.”

“என்ன தெரியும்?”

“பனி சொட்டற சத்தம் கேக்கத்தான கட்டுனீங்க. அந்த வாரம் நீங்க பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போனப்ப, அப்படி என்னதான் இருக்குதுன்னு நானும் போயிப் படுத்துப் பாத்தேன். சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்க மனசு வரலீங்க.”

“அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?”

“நீங்க என்னமோ யோசனைன்னு ஊருக்கே சொல்லிட்டீங்க. நான் போயி எப்படிங்க சொல்றது, சும்மா படுத்திருந்தேன்னு.” அவள் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு அண்ணாந்து சில்வர் மரங்களைப் பார்த்தாள். “இதுகள வெட்டிப்புட்டுக் கூடாரம் போட்டா, சொட்டறதுக்கு என்னங்க இருக்கும்?”

இலைகளிலிருந்து துளிகள் அவன் முதுகிலும் அவள் கூடையிலும் விழுந்துகொண்டிருந்தன. அவள் இன்னொரு பிடி விதையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.