விழாமல் போன படம்

செழியன் புதுக் கேமரா வாங்கி வந்த அன்று அதை முதலில் கையில் எடுத்துப் பார்த்தவன் நாசர்தான்.

"என்ன மாப்ள, இம்புட்டு லேசா இருக்கு? உள்ள எதையும் வைக்க மறந்துட்டாங்களா?"

"கண்ணாடி கிடையாதுல்ல, அதான். மிரர்லெஸ்னா சும்மாவா?"

நாகல் நகர் ஸ்டூடியோ செழியன் பெயரில் இருந்தாலும், பேகம்பூர் நாசர் இல்லாமல் அவன் ஒரு கல்யாணத்துக்கும் போனதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். மணமேடையின் ஒரு பக்கம் செழியன் நின்றால் எதிர்ப்பக்கம் நாசர் நிற்பான். ஒருவனுக்கு மறைத்தது மற்றவனுக்குக் கிடைத்துவிடும். அதனாலேயே அவர்கள் போட்ட ஆல்பத்தில் அது விட்டுப்போச்சு, இது விட்டுப்போச்சு என்று எந்த வீட்டிலிருந்தும் குறை வந்தது கிடையாது.

பழைய கேமராவை எக்ஸ்சேஞ்சில் போட்டுத்தான் செழியன் புதியதை வாங்கியிருந்தான். லென்ஸ்களைக் கொடுக்க மனம் வரவில்லை. புது லென்ஸ் வாங்க வசதியும் இல்லை. ஆனால் பழைய லென்ஸை அப்படியே புதுக் கேமராவில் மாட்ட முடியாது. பழையதற்குள் கண்ணாடி இருந்ததால் லென்ஸ் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தது. புதியதில் கண்ணாடி இல்லை, உடம்பும் ஒல்லி. அந்த இடைவெளியை அடைக்க நடுவில் அடாப்டர் என்கிற வளையம் ஒன்று வேண்டும். வளையத்தின் உள்விளிம்பில் பொன்னிறப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். கேமரா சொல்வதெல்லாம் அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் லென்ஸுக்குப் போய்ச் சேரும்.

கேமரா கம்பெனியே செய்கிற அடாப்டர் மதுரைக் கடையில் தீர்ந்துபோயிருந்தது. வைகாசி முகூர்த்தங்கள் முடிந்துதான் வரும் என்றார்கள். அதுவரை செழியனுக்குப் பொறுக்கவில்லை. பேர் தெரியாத ஏதோ ஒரு கம்பெனியின் அடாப்டரை ஆன்லைனில் வரவழைத்துவிட்டான்.

நாசர் அதில் பெரிய லென்ஸை மாட்டி, கேமராவை ஒரு கையிலும் லென்ஸை ஒரு கையிலும் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தான்.

"ஆடுது மாப்ள."

"எல்லாம் கொஞ்சம் ஆடத்தான் செய்யும்."

"சின்ன லென்ஸுன்னா சரி. இதோட கனம் முழுக்க வளையத்துலல்ல தொங்குது? சேவுகம்பட்டிக் கல்யாணத்துக்கு என் கேமராவை நீ வச்சுக்க. நான் சும்மா கூட நிக்கிறேன். கம்பெனி அடாப்டர் வந்ததும் இதை எடுத்துக்கலாம்."

"புதுக் கேமரான்னு ஊருக்கே ஸ்டேட்டஸ் போட்டுட்டு உன் பழசைத் தூக்கிட்டுப் போகச் சொல்றியா? போடா."

நாசர் லென்ஸைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

சேவுகம்பட்டி முருகேசன் மல்லிகையும் தக்காளியும் போடுகிற விவசாயி. சிறுநீரகம் கெட்டு, வாரம் தவறாமல் மதுரைக்கு டயாலிசிஸுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். மகள் தமிழ்மதியின் கல்யாணத்தைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் அவசர அவசரமாக நாள் குறித்தார்கள். வைத்தியச் செலவில் வீடியோவை வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். "போட்டோ மட்டும் போதும் தம்பி. ஆனா நான் தாரை வாக்கிறதை மட்டும் நல்லா எடுத்துருங்க" என்று முருகேசனே போனில் சொல்லியிருந்தார்.

கல்யாணம் வத்தலக்குண்டு மண்டபம் ஒன்றில். முதல் நாள் வரை ஆஸ்பத்திரியில் கிடந்த மனுஷனைக் காலையில் காரில் கூட்டி வந்தார்கள். பட்டு வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டு இறுக்கியிருந்தது. இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து மேடையில் உட்கார வைத்தார்கள். முகம் வீங்கியிருந்தாலும் யாரைப் பார்த்தாலும் சிரித்தார்.

நாசர் வழக்கம்போல மேடையின் எதிர்ப்பக்கம் ஏறினான். செழியன் கையைக் காட்டி அவனைக் கீழே இறக்கினான்.

"நீ பந்திக்குப் போ. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க டிபன் சாப்பிடுறாங்க, அதை எடு."

"முகூர்த்த நேரத்துலயா?"

"உன் கேமரா கலர் வேற, இது கலர் வேற. ஆல்பத்துல ஒட்டாது. போன்னா போயேன்."

நாசர் கேமராவோடு பந்திக்குப் போனான்.

தாரை வார்க்கும் நேரம் வந்தது. மாப்பிள்ளை விக்னேஷ்குமாரின் கைமேல் மகளின் கையை வைத்து முருகேசன் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி முத்துப்பேச்சி செம்பைச் சாய்க்கத் தயாரானாள். சொந்தபந்தமெல்லாம் போனை நீட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றது. செழியனுக்குக் கோபம் வந்தது. "போனெல்லாம் கீழ இறக்குங்க! பிரேம்ல விழுது! நான்தான் எடுக்கிறேன்ல?" என்று ஒரு கையால் கேமராவைப் பிடித்துக்கொண்டு மறுகையை வீசி அதட்டினான். எல்லாரும் மரியாதையாகப் போனை இறக்கிக்கொண்டார்கள்.

ஒற்றைக் கையில் பிடித்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் லென்ஸின் கனம் முழுவதும் வளையத்தில் இறங்கியிருக்க வேண்டும். கண்ணில் வைத்துப் பட்டனை அழுத்தினான். லென்ஸோடு தொடர்பில்லை என்று திரையில் எழுத்து வந்தது. அழுத்தினான், மறுபடியும் அதே எழுத்து. கேமராவை அணைத்துப் போட்டான். லென்ஸைக் கழற்றினான், புள்ளிகளைச் சட்டை நுனியால் துடைத்தான், மாட்டித் திருகினான். கை வேர்த்து வழுக்கியது. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போவது காதில் கேட்டது. நிமிர்ந்தபோது செம்பு கீழே இருந்தது. முருகேசன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கேமரா அதற்குப் பிறகு ஒழுங்காக வேலை செய்தது. தாலி கட்டியது, மெட்டி போட்டது எல்லாம் பளிச்சென்று விழுந்தன.

பந்தியிலிருந்து வந்த நாசருக்குச் செழியன் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"எது போச்சு?"

"தாரை."

"இன்னொரு தடவை ஊத்தச் சொல்லு மாப்ள. செத்த நேரம்தான் ஆகும். சந்தோசமா செய்வாங்க."

"சும்மா இரு. இத்தனை பேர் முன்னாடி என் மானத்தை வாங்காத."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே முருகேசன் கையை ஆட்டிச் செழியனைக் கூப்பிட்டார். பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"தம்பி, தாரை வாத்தது நல்லா விழுந்துச்சா?"

"சூப்பரா வந்திருக்குங்கய்யா" என்றான் செழியன்.

அவர் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி தம்பி. சாப்பிட்டுப் போங்க" என்றார்.

ஆனி மாதக் கடைசியில் முருகேசன் இறந்துபோனார். செய்தி கேட்டு நாசர் மாலை வாங்கிக்கொண்டு போனான். செழியன் வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டான். காரியமெல்லாம் முடிந்தபின் தமிழ்மதி போன் செய்தாள்.

"அண்ணே, ஆல்பம் மெதுவா குடுங்க. அப்பா தாரை வாக்கிற படத்தை மட்டும் பெருசா பிரிண்ட் போட்டுத் தாங்க. வீட்ல மாட்டணும்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான். ஆனால் வந்தது வேறு. "அந்த நேரம் அந்தப் பக்கம் நாசர் எடுத்தான்மா. அவன் மெமரி கார்டு போயிருச்சு. எவ்வளவோ முயற்சி பண்ணிப் பாத்தோம்."

மறுநாள் நாசர் ஸ்டூடியோவுக்கு வந்தான். உட்காரவில்லை.

"என் கார்டு போயிருச்சாமே மாப்ள?"

செழியன் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் புள்ள போன்ல அழுதுச்சு. ஆமாம்மா, என் தப்புதான், மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிட்டேன். நான் இல்லைன்னு சொன்னா உன் தொழில் என்னத்துக்கு ஆகும்?" மூலையில் இருந்த தன் ட்ரைபாடை எடுத்துக்கொண்டான். "இனிமே நான் வரல. வேற ஆள் பாத்துக்க."

"டேய் நாசரு, நில்லுடா."

வெளியே பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

கம்பெனி அடாப்டர் ஆடி மாதத்தில் வந்து சேர்ந்தது. மாட்டும்போதே வித்தியாசம் தெரிந்தது. லென்ஸ் கேமராவின் சொந்த உறுப்பைப் போல ஒட்டிக்கொண்டது, ஒரு மயிரிழை அசையவில்லை. கடைக்கு முன்னால் போகிற பஸ்ஸின் ஜன்னலில் இருந்த முகங்களைக்கூடச் சட்டென்று பிடித்தது. செழியன் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஒவ்வொன்றும் அவ்வளவு துல்லியம். தாரை வார்த்ததும் இப்படித்தான் விழுந்திருக்கும். கடையைச் சாத்திவிட்டுப் பேகம்பூருக்குப் போனான்.

நாசர் அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். காந்திகிராமம் பக்கம் ஒரு காதுகுத்து விழா. செழியன் சொன்னதையெல்லாம் பைக்கில் சாய்ந்தபடி கேட்டான்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத் தெரியாததா? அங்க போய்ச் சொல்லு."

"சொல்றேன். நீ ஆவணியில இருந்து வா."

"உம்மேல கோவமெல்லாம் இல்ல மாப்ள. ஆனா உன்கூட நின்னா இனிமே என் கண்ணு கேமராவுல இருக்காது. நீ யார்கிட்ட என்ன சொல்றேன்னு உன் வாயையே பாத்துக்கிட்டு இருப்பேன். அப்புறம் எப்படிப் படம் எடுக்கிறது?"

செழியன் அங்கிருந்தே நேராகச் சேவுகம்பட்டிக்கு வண்டியை விட்டான். ஆடிக்காற்று எதிர்த்து அடித்தது. முத்துப்பேச்சியும் ஆடி அழைப்புக்கு வந்திருந்த தமிழ்மதியும் வாசலில் தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உட்காரச் சொன்னபோதும் உட்காராமல், நின்றபடியே ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தான்.

முத்துப்பேச்சி கையிலிருந்த தக்காளியைக் கூடையில் போட்டாள்.

"எனக்குத் தெரியும் அப்பு. நீ அதைக் கழட்டி மாட்டிக்கிட்டு நின்னதை அவரு பாத்துட்டாரு. ராத்திரி எங்கிட்டச் சொன்னாரு, 'அந்தத் தம்பிக்குக் கேமரா என்னமோ மக்கர் பண்ணுச்சு, அதான் கூப்பிட்டுக் கேட்டேன். இல்லேன்னு சொல்லியிருந்தா இன்னொருக்கா கையைப் பிடிச்சுக் குடுத்திருப்பேன்'னு. நீ நல்லா வந்திருக்குன்னதும், நமக்கு என்ன தெரியும்னு விட்டுட்டாரு."

முத்துப்பேச்சி அடுத்த தக்காளியை எடுத்தாள்.

"அது போகட்டும். பந்தியில நின்ன பையன் மேல எப்படி அப்பு உனக்குப் பழி போட மனசு வந்துச்சு? அது எழவுக்கு வந்து என் மகளுக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போன புள்ள."

தமிழ்மதி கையிலிருந்த தக்காளியைக் கீழே வைத்தாள். தலையை நிமிர்த்திக் கேட்டாள்.

"அண்ணே, கையைப் பிடிச்சுக் குடுக்கிறப்ப அப்பா முகம் எப்படி இருந்துச்சு? நான் குனிஞ்சுக்கிட்டே இருந்தேன். அம்மா தண்ணி சிந்தாம ஊத்தணும்னு செம்பையே பாத்துக்கிட்டு இருந்துச்சாம். நீங்க எதிர்லதானே நின்னீங்க?"

அந்த நேரத்தைத் திரும்ப நினைத்துப் பார்த்தான். பொன்னிறப் புள்ளிகள், வேர்த்த விரல், சட்டை நுனி. அவ்வளவுதான் இருந்தது.

"தெரியலம்மா. நான் பாக்கல."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் பழுத்த தக்காளிகளை ஒருபக்கம் ஒதுக்க ஆரம்பித்தாள். முத்துப்பேச்சி எழுந்து உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. வாங்கிக் குடித்தான்.

ஆவணியில் எல்லா முகூர்த்தத்துக்கும் அவன் தனியாகவே போனான்.