முட்டுப் பலகை

விடியுமுன்பே குழாய் பதிக்கும் பள்ளத்தில் இறங்கிவிட்டார்கள். ஈர மண் கணுக்காலைக் கவ்வியது. கூடை கூடையாக மேலே தூக்கிக் கொடுத்ததில் முதல் ஒரு மணி நேரத்திலேயே மில்லக்காவுக்குத் தோள்பட்டை மரத்துப்போனது. ஆள் உயரத்தைத் தாண்டிய ஆழம். அண்ணாந்தால் வானம் ஒரு நாடா அகலத்துக்குத்தான் தெரிந்தது. அதுவும் கறுத்துக் கிடந்தது.

பதினாறு வருஷம் பஞ்சாலையில் நூல் பிடித்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் மில்லக்கா. மில் மூடியதும் ஊரே படுத்துவிட்டது. கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. அப்போதுதான் மத்திய அரசு, விழுந்த தொழிலைத் தூக்கி நிறுத்தவென்று ஒரு நிதியை ஒதுக்கி மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்பியது. இந்த மாநிலத்தின் பங்கில் ஒரு கீற்று இந்த ஊருக்குக் குடிநீர்க் குழாயாக வந்தது.

பொய் சொல்லக் கூடாது, வந்த பணம் நல்லதுதான் செய்தது. மில்லில் வேலை போன அறுபது பேருக்கு அடுப்பு எரிந்தது. இரும்புக் கடை திறந்தது. படிப்பை நிறுத்தியிருந்த மில்லக்காவின் மகள் மறுபடி பள்ளிக்கூடம் போனாள். வாரத்துக்கு இரண்டு முறை லாரித் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் மேட்டுத் தெருவுக்கு வீட்டுக்கு வீடு குழாய் வரப்போகிறது.

ஆனால் நிதிக்கு ஒரு கெடு இருந்தது. மாதக் கடைசிக்குள் வேலை முடியாவிட்டால் மிச்சம் திரும்பிப் போய்விடும். அந்தக் கெடுவைத்தான் ஒப்பந்தக்காரர் சாட்டையாகச் சுழற்றினார். பள்ளத்தின் பக்கவாட்டு மண் சரியாமல் தாங்க முட்டுப் பலகைகள் முதல் வாரம் லாரியில் வந்தன. அதிகாரிகள் பார்த்தார்கள், படம் பிடித்தார்கள். மறுநாள் அதே லாரியில் பலகைகள் வேறு வேலைக்குப் போய்விட்டன.

"அக்கா, இங்க பாரு." நெட்டையன் பள்ளத்தின் மண்சுவரில் ஓடிய வெடிப்பைக் காட்டினான். இருபத்தைந்து வயதில் பனைமரம் மாதிரி வளர்ந்தவன். "நேத்து விரல் நுழையல. இன்னிக்கு முழங்கை வரைக்கும் போகுது. மண்ணு வாயத் திறந்திருக்கு, என்ன சொல்லப் போகுதோ."

மில்லக்கா மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள். "சார், செவுரு வெடிச்சிருக்கு. பலகை வெச்சாத்தான் உள்ள நிக்க முடியும்."

ஒப்பந்தக்காரர் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. "நாலு நாள் வேலைம்மா. அதுக்குப் பலகையாவது ஒண்ணாவது. மழை வர்றதுக்குள்ள கைய ஓட்டு."

சாக்கைக் கிழித்தது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். மில்லக்கா திரும்பியபோது சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. மண்மேட்டின் மேல் நெட்டையனின் முகம் மட்டும் இருந்தது. வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

"மண்வெட்டி வேண்டாம், வெட்டிடும்! கையால அள்ளு!" என்று மில்லக்கா கத்தினாள்.

பத்துப் பேர் மண்டியிட்டு நாய் பறிப்பது போலப் பறித்தார்கள். நகம் பிய்ந்தது தெரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் தலையும் புதைந்திருக்கும். அவனை வெளியே இழுத்தபோது இடது கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. குழாய் ஏற்றும் வண்டியில் கிடத்தினார்கள். "அக்கா, ஒரு செருப்பு உள்ளயே கெடக்கு," என்றான். மில்லக்கா மற்றச் செருப்பைக் கழற்றி அவன் பக்கத்தில் வைத்தாள்.

வண்டி மறைந்ததும் ஒப்பந்தக்காரர் கைதட்டினார். "சரி, ஆஸ்பத்திரிச் செலவு என்னோடது. மத்தவங்க எறங்குங்க."

யாரும் அசையவில்லை.

"பலகை வரட்டும் சார்," என்றாள் மில்லக்கா.

"பணம் திரும்பிப் போனா யாருக்கு நஷ்டம்? எனக்கு இன்னொரு ஊரு. உங்களுக்கு?"

"அந்தப் பணத்துல பலகைக்கும் சேர்த்துத்தானே குடுத்திருக்காங்க? அது உங்க வீட்டுப் பணம் இல்ல. தீப்பெட்டி வாங்கினாக்கூட வரி கட்டுறோமே, அது. எங்க பணத்துல எங்களுக்கே குழி வெட்டுறீங்களா?"

அவர் முகம் சிவந்தது. கூச்சல் கேட்டு இறங்கி வந்திருந்த மேட்டுத் தெருக்காரர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டுக்குங்க. உங்களுக்குத் தண்ணி வரவிடாமப் பண்றது இவங்கதான்."

குடத்தோடு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். புழுதிக்காகத் தினமும் இவர்களோடு சண்டை போடும் தையல்காரி முன்னால் வந்தாள். பள்ளத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஆளப் பொதைச்ச மண்ணுல வர்ற தண்ணிய எப்படிய்யா குடிக்கிறது?" என்றாள். "பலகையக் கொண்டா. இன்னும் நாலு நாள் தண்ணி லாரிக்கு நின்னுட்டுப் போறோம்."

அன்று மாலையே தொழிலாளிகளும் தெருக்காரர்களும் சேர்ந்து குடிநீர் அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனார்கள். வாங்கிய அதிகாரி, "கெடு நெருங்குதே," என்று மட்டும் சொன்னார். ஒப்பந்தக்காரரோ, "நாளைக்கு வேற ஆளுங்க எறங்குவாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடியே செய்தார். மறுநாள் மேகம் தாழ்ந்து தொங்கிய விடியலில் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே முப்பது பேர், மடியில் சாப்பாட்டுத் தூக்குகள். பின்னால் ஒரு போலீஸ் ஜீப். தூறல் பிடித்துக்கொண்டது.

"கல்லெடுங்கடா," என்று யாரோ பல்லைக் கடித்தார்கள்.

"எவனாவது கல்லத் தொட்டீங்க!" என்று அதட்டிவிட்டு மில்லக்கா தனியாக வேனை நோக்கி நடந்தாள். போலீஸ்காரர் லத்தியை நீட்டினார். அவள் அதைச் சுற்றிக்கொண்டு போய் ஜன்னலருகே நின்றாள்.

"எந்த ஊரு அண்ணே?"

"ஆத்துக்கு அந்தாண்ட. சாயப்பட்டறை மூடிட்டாங்க." பேசியவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அவர் நகக்கண்களில் இன்னும் நீலம் இருந்தது.

"நான் மில்லு. எங்களதும் மூடிட்டாங்க. உங்கள எறங்காதீங்கன்னு சொல்ல வரல. வந்து ஒரு தடவை உள்ள பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

அவர் யோசித்தார். பிறகு இறங்கினார். பின்னாலேயே மற்றவர்களும். பள்ளத்தின் விளிம்பில் வரிசையாக நின்று, சரிந்த மண்ணையும் எதிர்ச்சுவரில் மழைநீர் இறங்கிக்கொண்டிருந்த புது வெடிப்பையும் பார்த்தார்கள்.

"என்ன வேடிக்கை? எறங்குங்கய்யா!" ஒப்பந்தக்காரர் கத்தினார்.

சாயப்பட்டறைக்காரர் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, "பலகை எங்க சார்?" என்று கேட்டார்.

ஒப்பந்தக்காரர் போனை எடுத்துக்கொண்டு ஜீப் பக்கம் நடந்தார். மழை வலுத்தது. கெடுவுக்கு இன்னும் மூன்று நாள். ஜீப்பிலிருந்து மேலும் இரண்டு போலீஸ்காரர்கள் இறங்கினார்கள். தையல்காரி தன் வீட்டுத் தார்ப்பாயைக் கொண்டுவந்து விரித்தாள்; மேட்டுத் தெருவிலிருந்து இன்னும் நாலைந்து தார்ப்பாய்கள் வந்தன. இந்த ஊரும் அந்த ஊருமாகத் தொண்ணூறு பேர், ஆளுக்கொரு ஓரம் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, நெருக்கியடித்து நின்றார்கள்.