லாரோக்கின் பச்சைப் புள்ளி

சங்கத்துச் செயலாளர் என்ற முறையில் கேடயத்தைக் கையில் கொடுத்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த படகில் திரும்பிவிடலாம் என்றுதான் செயின்ட் லூசியாவிலிருந்து டொமினிக்காவுக்குப் போனேன். எங்கள் வலைத்தளத்தில் அதிகக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன டாக்டர் லாரோக்குக்கான கேடயம் அது. சொல்லாமல் போய் அசத்துவதாக எண்ணம். அசந்தது நான்தான்.

எங்களுடையது மயக்க மருந்து டாக்டர்கள் சங்கம். ஐந்து தீவுகள், பதினோரு பேர். கூட்டம் போட்டால் ஆளுக்கொரு அவசர அறுவை வந்துவிடும். அதனால் சங்கமே வலைத்தளத்துக்குக் குடிபோனது. முகப்பில் ஒரு வரைபடம். யார் உள்ளே வந்தாலும் அவர் தீவில் பச்சைப் புள்ளி எரியும்; எரிந்தால் அந்த மாதம் முழுக்க அணையாது. மாதாமாதம் ஐந்து தீவும் எரிந்தால்தான் அங்கீகாரம். ஒன்று அணைந்தாலும் சங்கம் காலி.

டொமினிக்காவுக்கு இருந்தது லாரோக் ஒருவர்தான். தினம் காலை ஐந்து மணிக்கு உள்ளே வந்துவிடுவார். ஞாயிறு காலை மட்டும் கிடையாது. கோயிலையே எட்டிப் பார்க்காத கிழவனுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று கேலி பேசினோம்.

டொமினிக்காவின் போர்ட்ஸ்மவுத் ஊரில், அவர் வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி சிஸ்டர் இர்மா. முப்பது வருடம் அவரோடு அறுவை அரங்கில் நின்ற நர்ஸ். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் லாரோக். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை மடியில் செத்துக் கிடந்தது.

"எப்போ சிஸ்டர்?"

"ரெண்டு வருஷமாச்சு. பேச்சு சுத்தமா போச்சு. ஆள் அடையாளமும் தெரியல."

நேற்றுக் காலைகூடப் பதில் வந்திருக்கிறதே!

"அப்ப பதில் எழுதினது?"

அவர் என் முன்னால் கோகோ டீயை வைத்தார். "நான்தான்." ஞாயிறு காலை கோயிலுக்குப் போனது யார் என்று இப்போது புரிந்தது.

போன மார்ச்சில், கழுத்தில் கட்டியோடு ஒன்பது வயதுப் பெண் குழந்தை என்னிடம் அறுவைக்கு வந்தது. லாரோக்கைக் கேட்டேன். 'முதலில் படுக்க வைத்துப் பார். மூச்சுத் திணறினால் மயக்க மருந்தைத் தொடாதே' என்று பதில். படுக்க வைத்தேன், திணறியது, மயக்கம் கொடுக்காமல் நிறுத்தினேன். குழந்தை பிழைத்தது. அந்தப் பதில் இவருடையதா?

"ஒரு பதில் தப்பாயிருந்தா? புள்ளைங்க உசிரு சிஸ்டர்! எங்க எல்லாரையும் ஏமாத்திட்டீங்களே!"

"நான் கண்ணால பாத்ததத் தவிர ஒரு வரி எழுதல. தெரியாததுக்குத் தெரியாதுன்னுதான் போட்டேன். பண்ணது தப்புதான், ஒத்துக்கறேன். நிறுத்தினா சங்கம் போயிடும்னு பயந்தேன். இந்த மனுஷன் கட்டின சங்கம்." அவர் குரல் உயர்ந்தது. "நீ ஒண்ணு சொல்லு டாக்டரம்மா. இந்த ரெண்டு வருஷத்துல ஒரு நாளாவது போன் பண்ணி, கிழவன் எப்படி இருக்கான்னு கேட்டியா?"

"புள்ளி எரிஞ்சுதே சிஸ்டர்..."

சொல்லும்போதே எனக்கு அவமானமாக இருந்தது. அவரைத் தவிர்த்துப் பத்து டாக்டர்கள். நாடி பிடித்துப் பார்ப்பதே பிழைப்பு. ஒரு விளக்கு எரிவதை வைத்து ஆள் சௌக்கியம் என்று முடிவு கட்டியிருக்கிறோம்.

லாரோக்கின் கணினியைத் திறந்தேன். செயலாளர் நான்தான், உறுப்பினர் பெயரை நீக்கும் பொத்தான் என்னிடம்தான் இருந்தது. நான்கு தீவானால் சங்கம் இல்லை. ஆனால் இன்னொரு குழந்தையை டாக்டர் அல்லாதவர் பதிலில் விட முடியாது. 'பாத்தா கண்ணு கலங்குது, சட்டுனு பண்ணு' என்று திரும்பிக்கொண்டார் இர்மா. லாரோக்கின் பெயரை நீக்கினேன். டொமினிக்கா இருண்டது.

தொலைபேசி மணி அடித்தபோது இருவருமே துள்ளினோம். இர்மா ஒலிபெருக்கியைப் போட்டார். கிரெனடாவிலிருந்து டாக்டர் பேலின் குரல்.

"லாரோக் புள்ளி அணைஞ்சுடுச்சே! என்னாச்சு? நல்லாத்தான இருக்கான்?"

அதை வைப்பதற்குள் நெவிஸ். பிறகு செயின்ட் வின்சென்ட். எரிந்த இரண்டு வருடம் வராத அழைப்பு, அணைந்த கால் மணி நேரத்தில் வரிசை கட்டி வந்தது.

"பேல் பேசறார் பாரு, உன் பேல்," என்று இர்மா மறுபடி வந்த அழைப்பைக் கணவர் காதருகே கொண்டுபோனார். குரல் வந்த பக்கம் லாரோக் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.