இரண்டு நாள் தூரம்

இரண்டு நாள் பயணத்துக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். நான்கு வேளைச் சாப்பாடு, ஊதினால் தலையணையாகிற பை, கால் வீக்கத்துக்குத் தைலம். கண்டக்டர் என் மூட்டையைப் பார்த்துச் சிரித்தார். "எதுக்குக்கா இவ்ளோ? மத்தியானச் சாப்பாட்டுக்கே அங்க இறங்கிடுவீங்க."

அவருக்கு விவரம் போதவில்லை என்று நினைத்தேன். அண்ணன் பதினாறு வருஷமாகப் பக்கத்து நாட்டில் வேலை பார்க்கிறான். இரண்டு ரயில் மாறி, எல்லையில் ஒரு பொழுது காத்துக் கிடந்துதான் ஊருக்கு வருவான். அதையெல்லாம் சொன்னேன். அது பழைய கதை, ஆற்றுக்குப் பாலம் போட்டு இந்த பஸ் ஓட ஆரம்பித்தே மூன்று வருஷம் ஆகிறது, மொத்தமே நாலரை மணி நேரம்தான் என்றார். எல்லையில் ஒருவன் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் முத்திரை குத்தி அனுப்பினான்.

அம்மா போய்ப் பதினொரு மாசம் ஆகிறது.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பேப்பர் கிடைக்கவில்லை, கிளம்பிவிட்டேன், எல்லையில் நிறுத்திவிட்டார்கள் என்று அண்ணன் தினமும் போன் பண்ணினான். நானும் அம்மாவிடம் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு வந்தேன். முதல் ரயில் ஏறிவிட்டான், எல்லையில் வரிசையில் நிற்கிறான், இரண்டாவது ரயிலில் வருகிறான். ஒன்பதாம் நாள் நம் ஊர் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். அதற்குமேல் அவளால் காத்திருக்க முடியவில்லை. எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் வந்தவனுக்கு, களைத்து வந்திருக்கிறானே என்று வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். சொந்தக்காரர்கள் கரித்துக்கொட்டியபோது அவனுக்காகச் சண்டைக்குப் போனேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர்களுக்குப் பவர் பார்க்கிறவள் நான். ஆனால் அண்ணன் ஒன்று சொன்னால் மேப்பைத் திறந்து பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

பஸ் ஸ்டாண்டில் சிரித்த முகமாக நின்றான். நாற்பத்திமூன்று வயசிலும் அவனுக்கு நான் பாப்பாதான். அன்றைக்கு முழுக்க நகரத்தைச் சுற்றிக் காட்டினான். அகலமான தெருக்கள், கண்ணாடி லிஃப்ட் வைத்த கோபுரம், ஆற்றங்கரை நடைபாதை. ஒவ்வொரு இடத்திலும் என்னை நிறுத்தி போட்டோ எடுத்தான். எதிலும் நான் சிரிக்கவில்லை, கேட்டதற்கு வெயில் என்றேன். லீவு கொடுத்திருக்க மாட்டார்கள் என்று அவனுக்காக நானே ஒரு சாக்கும் தேடி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காரில் கிராமப்புறம் கூட்டிப்போனான். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று அண்ணி வரவில்லை. பழத்தோட்டத்துக்கு நடுவே, குளத்தைப் பார்த்தபடி நாலே அறை உள்ள விடுதி. அதை நடத்துகிற அம்மாள் அண்ணனைப் பார்த்ததும் அதே ரூமைத் தயார் பண்ணி வைத்திருப்பதாகச் சொன்னாள். அவன் பெட்டிகளை எடுக்கப் போனபோது என் பக்கம் திரும்பினாள்.

"போன வருஷம் முதல் மழை நேரத்துல சார் பத்து நாள் இங்கதான் தனியா இருந்தாரு. ரூமை விட்டு அதிகம் வெளிய வரல. யாருக்கோ உடம்பு முடியலன்னு போன்ல பேசிட்டே இருந்தாரு. இப்ப அவங்க தேவலையா?"

தேவலை என்றேன்.

என்னை அங்கே கூட்டிவந்தது தைரியமா, மறதியா, இல்லை மாட்டிக்கொண்டால் தேவலை என்ற எண்ணமா, தெரியவில்லை. குளக்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய், அப்போது லீவு கிடைத்திருந்ததா என்று மட்டும் கேட்டேன். கை நின்றது. கிடைத்தது என்றான். இரண்டு தடவை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டானாம்.

"அம்மாவை அந்த நிலைமையில என்னால பாக்க முடியாது பாப்பா. அதான் நீ இருந்தியே."

ஒன்பது நாளும் படுக்கை மாற்றித் துடைத்துவிட்டவள் நான். எனக்கு மட்டும் என்ன, கல்லால் செய்த கண்ணா? அறையலாம் போலிருந்தது. அவனோ பழத்தில் பாதியைப் பிட்டு என் கையில் வைத்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"கடைசியில அம்மா என்னைக் கேட்டாங்களா?"

கேட்டாள். கடைசியாகப் பேசியதே அவனைப் பற்றித்தான். பாவம், அவ்வளவு தூரத்திலிருந்து களைத்து வருவான், வந்ததும் திட்டாதே, முதலில் சோறு போடு என்றாள். நேரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று பதினொரு மாசமாக அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான்.

"இல்லண்ணா. கேக்கவே இல்ல."

அவன் முகம் ஒடுங்கிப்போனதை நன்றாகப் பார்த்தேன். அம்மாவிடம் ஒன்பது நாள் சொன்ன பொய்யெல்லாம் அவனுக்காக. இந்த ஒன்று எனக்காக.

இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தும் மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்தபோது மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. உலை வைத்தேன்.