மீன் சண்டைக்கு நாலு குரல்

சுவீடனின் லுண்ட் நகர மாணவர்கள் போடும் கேலி நாடகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு பிடித்துப்போனால் சபையிலிருந்து யாராவது "மறுபடியும்!" என்று கத்துவார்கள். உடனே அதே மெட்டுக்கு வேறு வரிகளைப் பாட வேண்டும். யாருமே கத்தவில்லை என்றால் எழுதியவர் ஊரைவிட்டே ஓடிவிடலாம்.

இந்த வருடம் எழுதியவள் ஹெட்விக். போயும் போயும், தேவாலயங்களில் பயபக்தியோடு கேட்கும் பழைய இசைமேதை பாக் அமைத்த நாற்குரல் இசையில் கைவைத்திருந்தாள். ஒரு குரலை இன்னொரு குரல் துரத்திக்கொண்டு வரும் அந்த இசைக்கு, "என் மீனைத் தின்றது யார்?" என்று அரண்மனையே அடித்துக்கொள்ளும் வரிகள். அவளுடைய அப்பா ஆல்கோட், வடக்கே ஒரு சிற்றூர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். விஷயம் காதில் விழுந்ததிலிருந்து மகளோடு பேசுவதில்லை. அம்மா இழுத்துவந்ததால் இன்று முன்வரிசையில் உர்ரென்று உட்கார்ந்திருந்தார்.

திரை இடுக்கு வழியே ஹெட்விக் முன்வரிசையை எட்டிப்பார்த்தாள். "அப்பா நடுவுல எழுந்து போயிட்டார்னா நான் செத்தேன்டா."

"போனா போகட்டும்டி. இந்தக் கவுன்ல எனக்கு மூச்சு முட்டுது, அதுக்கு யாராவது அழறீங்களா?" என்றான் மகாராணி வேடம் கட்டியிருந்த சிக்ஸ்டன்.

பாட்டு முடிந்தது. மரியாதைக்குக் கைதட்டினார்கள். கத்த ஓர் ஆளில்லை. அப்போது ஆல்கோட் விருட்டென்று எழுந்தார். ஹெட்விக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நிறுத்துங்கய்யா! அந்த ராஜா அவசரப்பட்டு முந்திக்கிட்டு வர்றார். மொதல்லேருந்து பாடுங்க, மறுபடியும்!"

பாவம், மனுஷர் இப்படியொரு நாடகத்தைப் பார்த்ததே இல்லை. சபை கொல்லென்று சிரித்தது. ராஜா அவரைப் பார்த்துத் தலைவணங்கிவிட்டு அடுத்த வரிகளை எடுத்தான். இந்த முறை எல்லோரும் வாய் நிறைய மீனை அடைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள்.

"இப்ப ராணி பிந்திட்டா! மறுபடியும்!" என்றார் ஆல்கோட். சபையே அவரோடு சேர்ந்து கத்தியது.

அடுத்த வரிகளில் தின்னப்பட்ட மீனே வந்து சாட்சி சொன்னது. நான்கு குரல்களும் இம்மியும் பிசகாமல் வந்து சேர்ந்தன. ஹெட்விக் எழுதி வைத்திருந்ததும் அத்தோடு தீர்ந்தது.

ஆல்கோட் இன்னும் உட்காரவில்லை. அம்மா அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "போதும், உக்காருங்க. மானம் போகுது."

சிரித்துச் சிரித்து அவர் முகம் சிவந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மறுபடியும்!"

இந்தத் தடவை யாரும் தப்பாகப் பாடியிருக்கவில்லை. ஹெட்விக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரு வரிகூட மிச்சமில்லாவிட்டாலும், வாயில் வந்ததைப் பாடிக்கொள்ளலாம் என்று மேடைக்கு ஓடினாள்.